சீனச் செய்தி எந்த அலுவலகத்திலிருந்து வருகிறது? ஊடகக் கட்டுப்பாட்டு, வெளிநாட்டுச் செல்வாக்கு அமைப்புகளை இனங்காண முழுமையான வழிகாட்டி

“சீன அரசு ஊடகம் தெரிவித்துள்ளது” என்ற ஒரே வரிக்குள் நம் செய்திகள் பல ஆட்களை அடைத்துவிடுகின்றன. அரசு செய்தி நிறுவனமான சின்ஹுவா விடுத்த அதிகாரபூர்வ அறிக்கை, குளோபல் டைம்ஸ் நாளிதழின் சூடான தலையங்கம், வெளியுறவுத் துறைப் பேச்சாளரின் பதில், ஒரு காவல்துறைக் குழு இயக்கும் போலிக் கணக்கின் பதிவு எல்லாம் தமிழுக்கு வரும்போது ஒரே குரலாகிவிடுகின்றன. இவை வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வருபவை, ஒவ்வொன்றின் எடையும் வேறு. பேசியது யார் என்று தெரியாமல் பேச்சை எடை போட வழியில்லை. இதழாளர்கள், மாணவர்கள், சீனச் செய்திகளைத் தமிழில் எழுதுபவர்கள் கையில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். அதை வரையும் முறையையும், அதை வைத்து ஒரு செய்தியைத் தடம் பிடிக்கும் முறையையும் கீழே தருகிறோம்.

படி 1: கட்சியை மேலே எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேலே “கம்யூனிஸ்ட் கட்சி” என்றும் கீழே “அரசு” என்றும் எழுதுங்கள். இந்தியாவில் பழகிய கண்ணுக்கு அமைச்சகம்தான் அதிகார மையம். சீனாவில் அமைச்சகம் என்பது முடிவை நிறைவேற்றும் இடம், முடிவு கட்சியில் எடுக்கப்படுகிறது. ஊடக விஷயத்தில் இது இன்னும் கறாரானது. 2016 பிப்ரவரி 19 அன்று ஷி ஜின்பிங் மக்கள் நாளேடு, சின்ஹுவா, சீன மத்தியத் தொலைக்காட்சி மூன்றுக்கும் ஒரே நாளில் நேரில் போனார். கட்சி, அரசு ஊடகங்களின் குடும்பப் பெயர் “கட்சி” என்பதாக இருக்க வேண்டும் என்பதே அவர் அன்று சொன்னதன் சாரம்.

தாளின் உச்சியில் கட்சியின் உச்சத் தலைமையான அரசியல் குழுவின் நிலைக்குழு. 2022 கட்சி மாநாட்டுக்குப் பின் அதில் ஏழு பேர். கருத்தியல், பரப்புரைத் துறைகளைப் பார்ப்பவர் சாய் ச்சி. ஐக்கிய முன்னணிப் பணி, அதாவது கட்சிக்கு வெளியே உள்ளவர்களைக் கட்சியின் பக்கம் இழுக்கும் வேலை, வாங் ஹுனிங் வசம். அவர் 2023 மார்ச் முதல் மக்கள் அரசியல் கலந்தாய்வு மாநாடு என்ற ஆலோசனை அமைப்பின் தலைவர். இவர்களுக்குக் கீழே கட்சியின் மத்தியத் துறைகள் வரும்: பரப்புரைத் துறை, ஐக்கிய முன்னணிப் பணித் துறை, பன்னாட்டுத் தொடர்புத் துறை. இணையத்துக்கு மட்டும் தனியாக மத்திய இணையவெளி விவகார ஆணையம் உண்டு, அதன் தலைவர் ஷி ஜின்பிங்கே. இணையத்தை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதற்கு இந்த ஒரு நியமனமே போதுமான சான்று.

படி 2: ஒரு கட்டடம், இரண்டு பெயர்ப்பலகை

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் நிதானமாகப் பாருங்கள். சீன நிர்வாக மொழியில் “ஒரு நிறுவனம், இரண்டு பெயர்ப்பலகை” என்றே ஒரு வழக்கு உண்டு. அலுவலகம் ஒன்று, ஆட்களும் அவர்களேதான். உள்நாட்டு ஆவணத்தில் கட்சிப் பெயரும், வெளிநாட்டாரிடம் பேசும்போதும் உரிமம் வழங்கும்போதும் அரசுப் பெயரும் வரும்.

பெய்ஜிங்கில் செய்தியாளர் கூட்டம் நடத்தி வெள்ளை அறிக்கைகள் வெளியிடும் அரசவை (சீன அமைச்சரவை) தகவல் அலுவலகம் 1991இல் தொடங்கியது. பார்ப்பதற்கு அரசு அலுவலகம்தான், ஆனால் அது கட்சியின் பரப்புரைத் துறை மாட்டியிருக்கும் இன்னொரு பலகை. தேசியப் பத்திரிகை, வெளியீட்டு நிர்வாகமும் திரைப்பட நிர்வாகமும் அப்படியே. சீன இணையவெளி நிர்வாகம் என்று செய்திகளில் வருவது, மேலே சொன்ன இணையவெளி ஆணையத்தின் அலுவலகத்துக்கு உள்ள அரசுப் பெயர். தைவான் விவகார அலுவலகத்துக்கும் கட்சிப் பெயர் ஒன்று உண்டு.

இந்த அடுக்கு இப்போதைய வடிவத்துக்கு வந்தது 2018 மார்ச்சில். அதுவரை பத்திரிகை, வானொலி, திரைப்படம் எல்லாவற்றுக்கும் ஒரே அரசு நிர்வாகம் இருந்தது. அதை உடைத்தார்கள். பத்திரிகையும் திரைப்படமும் நேராகக் கட்சியின் பரப்புரைத் துறைக்குள் போயின. வானொலி, தொலைக்காட்சிக்கு மட்டும் ஒரு நிர்வாகம் அரசவையின் கீழ் நின்றது. அதன் தலைவர் வழக்கமாகப் பரப்புரைத் துறையின் துணைத் தலைவராகவும் இருப்பார். இணையவெளி நிர்வாகத் தலைவர் பதவிக்கும் இதே வழக்கம். ஆகவே ஒரு சீன அமைப்பின் பெயரைக் கண்டதும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இதற்குக் கட்சிப் பெயர் உண்டா? இதன் தலைவர் கட்சியில் வேறு என்ன பதவி வகிக்கிறார்? இரண்டாவது கேள்விக்கு அவரது சீன மொழி வாழ்க்கைக் குறிப்பில் விடை இருக்கும். ஆங்கிலப் பக்கத்தில் பெரும்பாலும் அரசுப் பதவியை மட்டுமே போடுவார்கள்.

படி 3: எந்த ஊடகம் யார் கையில்

சீனாவில் தனியாள் ஒருவர் நாளிதழ் தொடங்க முடியாது. ஒவ்வொரு இதழுக்கும் ஒரு “மேலாண்மை அலகு”, ஒரு “நடத்தும் அலகு” இருந்தாக வேண்டும். இரண்டுமே கட்சி அல்லது அரசு சார்ந்தவை. இதழில் அச்சான பதிவு எண்ணைப் பாருங்கள்: சிஎன் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள் மாகாணத்தைச் சொல்லும். 11 என்றால் பெய்ஜிங், 31 ஷாங்காய், 44 குவாங்தோங். 44 என்று தொடங்கும் இதழுக்கு முதலில் கைபேசி அடிப்பது குவாங்தோங் மாகாணக் கட்சிக் குழுவின் பரப்புரைத் துறை.

மத்தியில் உள்ளவற்றைச் சுருக்கமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மக்கள் நாளேடு கட்சி மத்தியக் குழுவின் சொந்த இதழ். குளோபல் டைம்ஸ் அதன் பிள்ளை, வணிக நோக்கும் சேர்ந்தது. சைனா டெய்லி 1981இல் வெளிநாட்டு வாசகருக்காகத் தொடங்கியது, பரப்புரைத் துறையின் கீழ் வருகிறது. சின்ஹுவா அரசவைக்குக் கீழே அமைச்சக நிலையில் உள்ள நிறுவனம். அதற்கு இரண்டு வேலை: ஊருக்குச் செய்தி தருவது ஒன்று, தலைவர்கள் மட்டும் படிக்கும் உள்சுற்று அறிக்கைகளை எழுதுவது மற்றொன்று. சின்ஹுவா செய்தியாளருக்கு ஒரு விஷயம் தெரியும் என்பதும் அது அச்சில் வரும் என்பதும் ஒன்றல்ல.

மத்தியத் தொலைக்காட்சி, மத்திய மக்கள் வானொலி, சீன வானொலி நிலையம் மூன்றையும் 2018இல் இணைத்து சைனா மீடியா குரூப் ஆக்கினார்கள். இங்கே தமிழுக்கு நேரடித் தொடர்பு உண்டு. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்ட் 1 அன்று, எல்லைப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில், ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. அந்த அறிவிப்பாளர்களின் தமிழும் உழைப்பும் மெய்யானவை, அதை மதிக்க வேண்டும். கூடவே, இன்று சமூக ஊடகத்தில் அந்தப் பிரிவிலிருந்து வரும் ஒரு தமிழ்க் காணொளியின் நிர்வாக வரிசை இதுதான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: தமிழ்ப் பிரிவு, சைனா மீடியா குரூப், பரப்புரைத் துறை.

இணையத்தில் கதை வேறு. தளங்கள் தனியாருடையவை. அதனால் உரிமம் வழியாகப் பிடிக்கிறார்கள். 2017 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, செய்தி திரட்டி எழுதும் உரிமம் கட்சி, அரசு சார்ந்த செய்தி நிறுவனங்களுக்கும் அவற்றின் கட்டுப்பாட்டில் உள்ளவற்றுக்கும்தான். மற்ற தளங்கள் அங்கீகரித்த மூலங்களிலிருந்து எடுத்துப் போடலாம், அவ்வளவே. 2021 அக்டோபரில் வந்த அங்கீகாரப் பட்டியலில் 1,358 மூலங்கள் இருந்தன. துணிச்சலான பொருளாதாரச் செய்திகளுக்குப் பேர்போன கைசின் அதிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. கைசினை மூடவில்லை, மற்ற தளங்கள் அதை எடுத்துப் போடுவதை மட்டும் தடுத்தார்கள். மூடுவதைவிடச் சத்தமில்லாத வழி இது.

படி 4: ஓர் உத்தரவு இறங்கும் விதம்

தணிக்கை என்றதும் நமக்கு சிவப்புப் பேனா பிடித்த அதிகாரி நினைவுக்கு வருவார். பெரும்பாலான நாள்களில் அப்படி ஒருவர் தேவையே இல்லை. ஆசிரியருக்கு எல்லை தெரியும், தளத்தின் தலைமைப் பொறுப்பாளர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த எல்லைக்கும் முன்பே நின்றுவிடுவார். உத்தரவு வருவது விதிவிலக்கான நாளில்.

அப்படி ஒரு நாள் 2020 பிப்ரவரி 7. கொரோனா குறித்து எச்சரித்ததற்காகக் காவல்துறை கண்டித்த வூஹான் மருத்துவர் லி வென்லியாங் இறந்தார். ஹாங்ஜோ இணையவெளி அலுவலகத்திலிருந்து கசிந்த ஆவணங்கள் அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், புரோபப்ளிக்கா வழியாக வெளியாயின. 3,200க்கும் மேற்பட்ட உத்தரவுகள் அவற்றில் இருந்தன. அவர் மரணம் பற்றிய உத்தரவைப் படித்தால் இந்த இயந்திரம் எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும்: கைபேசிக்கு அறிவிப்பு அனுப்பாதீர்கள், கருத்துரை வேண்டாம், ஹேஷ்டேக் உருவாக்காதீர்கள், சூடான தேடல் பட்டியலிலிருந்து (அந்த நேரத்தில் அதிகம் தேடப்படுபவற்றின் பட்டியல்) அவர் பெயரைப் படிப்படியாக இறக்குங்கள். “படிப்படியாக” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே அடியாக நீக்கினால் மக்கள் கவனிப்பார்கள், கோபம் கூடும். மக்கள் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இரவில் இதை ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

உத்தரவுகளில் திரும்பத் திரும்ப வரும் வகைகளை அறிந்துகொண்டால், பக்கத்தைப் பார்த்தே ஊகிக்கலாம். “பொதுப் பிரதி” கட்டளை என்றால் சின்ஹுவாவின் வாசகத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் போட வேண்டும். அன்று பத்து இதழ்களில் ஒரே பத்தி, ஒரே நிறுத்தற்குறியோடு வரும். “சூடேற்றாதே” என்றால் செய்தி இருக்கலாம், முதல் பக்கத்தில் இருக்கக் கூடாது. “சொந்தமாகத் திரட்டாதே” என்றால் நிருபரைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும்.

கீழ்ப்படியாவிட்டால் என்ன? இணையத் தளத்துக்கு முதலில் “அழைத்துப் பேசுதல்”. பிறகு அபராதம், பிறகு ஒரு பகுதியை நிறுத்திவைத்தல். எக்ஸ் போன்ற சீனச் சமூக ஊடகத் தளமான வெய்போவின் சூடான தேடல் பட்டியல் 2020 ஜூனில் ஒரு வாரம் முடக்கப்பட்டது. 2021இல் ஜனவரி முதல் நவம்பருக்குள் அதே நிறுவனத்தை 44 முறை தண்டித்து, மொத்தம் 1.43 கோடி யுவான் அபராதம் போட்டதாக இணையவெளி நிர்வாகமே அறிவித்தது. பணம் அவர்களுக்குப் பெரிதல்ல. விளம்பரதாரர் பார்க்கும் ஒரு பகுதி ஒரு வாரம் இருண்டு கிடப்பதுதான் வலி.

இயந்திரம் பிசகும் இடமும் உண்டு. 2013 ஜனவரியில் குவாங்ஜோவின் சதர்ன் வீக்லி அரசமைப்புவழி ஆட்சி குறித்து எழுதிய புத்தாண்டுச் செய்தி, மாகாணப் பரப்புரை அலுவலகத்தின் கைபட்டு, கட்சிப் புகழுரையாக வெளிவந்தது. அவசரத்தில் திருத்தியதில், 4,000 ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் யூ மன்னரின் வெள்ளத் தடுப்பு 2,000 ஆண்டுகளுக்கு முன் என்று அச்சாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பிழை. இதழாளர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள், வாசகர்கள் அலுவலக வாசலில் மலர் வைத்தார்கள். அப்போதைய மாகாணப் பரப்புரைத் தலைவர் துவோ ஜென் பின்னாளில் மக்கள் நாளேட்டின் தலைவரானார். யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று பார்ப்பதும் இந்த வரைபடத்தைப் படிக்கும் முறைகளில் ஒன்று.

படி 5: வெளிநாட்டுப் பக்கத்தைப் பிரித்து வரையுங்கள்

தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் யார் யாரைக் குறிவைக்கிறார்கள் என்று எழுதுங்கள். துறையின் பெயரைவிட இலக்குதான் தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

வெளிநாட்டுப் பொதுமக்கள் இலக்கு என்றால் அது பரப்புரைத் துறையின் வேலை, கருவிகள் வெளிநாட்டாருக்கான அரசுத் தொலைக்காட்சி சிஜிடிஎன், சைனா டெய்லி போன்றவை. புலம்பெயர்ந்த சீனர்களும் கட்சிக்கு வெளியே உள்ள செல்வாக்குள்ளவர்களும் இலக்கு என்றால் ஐக்கிய முன்னணிப் பணித் துறை. 2018இல் அரசவையின் கடல்கடந்த சீனர் விவகார அலுவலகத்தை இது விழுங்கியது. கூடவே 1952இல் தொடங்கிய சைனா நியூஸ் சர்வீஸ் என்ற செய்தி நிறுவனமும் வந்து சேர்ந்தது. உலகெங்கும் உள்ள சீனமொழி இதழ்களுக்குச் செய்தி தருவது அதன் வேலை. வெளிநாட்டு அரசியல் கட்சிகள் இலக்கு என்றால் 1951இல் உருவான பன்னாட்டுத் தொடர்புத் துறை. தான்சானியாவின் கிபாஹாவில் ஆறு ஆப்பிரிக்கக் கட்சிகளின் ஊழியர்களுக்காக 2022 பிப்ரவரியில் திறந்த நைரேரே தலைமைத்துவப் பள்ளிக்குப் பின்னால் நிற்பது இத்துறைதான். அரசுகளும் வெளிநாட்டு நிருபர்களும் என்றால் வெளியுறவு அமைச்சகம், நிருபரின் விசா அதன் கையில். 2023இல் இந்தியாவும் சீனாவும் மாற்றி மாற்றி நிருபர் விசாக்களை நிறுத்தியபோது, தி இந்து, பிரசார் பாரதி செய்தியாளர்கள் பெய்ஜிங் திரும்ப முடியாமல் போனது இந்தக் கதவில்தான்.

மறைமுக வேலை வேறு கட்டடங்களில் நடக்கிறது. 2023 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை, பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் “912 சிறப்புத் திட்டப் பணிக்குழு” என்ற பிரிவைச் சேர்ந்ததாகச் சொல்லி 34 காவல் அதிகாரிகள் மீது போலிக் கணக்கு வழக்குப் பதிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மெட்டா நிறுவனம் சீனக் காவல்துறையோடு தொடர்புள்ளவர்களுடையது என்று கூறி 7,704 ஃபேஸ்புக் கணக்குகளையும் 954 பக்கங்களையும் நீக்கியது. ராணுவத்துக்கும் தனிப் பிரிவு உண்டு: ஃபூஜோவின் 311ஆம் தளம், தைவானைக் குறிவைத்த உளவியல் பணிக்கு. “கடனாக வாங்கிய படகில் கடல் கடப்பது” என்பது இவர்கள் எல்லோருக்கும் பொதுவான உத்தி. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் 14 நாடுகளில் குறைந்தது 33 வானொலி நிலையங்களைத் தேடிப் பிடித்தது. அவை உள்ளூர்ப் பெயரில் இயங்கின, சீன வானொலியின் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பின.

படி 6: கையில் உள்ள ஒரு செய்தியைத் தடம் பிடித்தல்

முதலில் பெயர்வரி. சீன மொழிச் செய்தியின் தொடக்கத்தில் “சின்ஹுவா, பெய்ஜிங், தேதி, தியன்” என்ற வடிவம் இருந்தால் அது நிறுவனத்தின் அதிகாரபூர்வ அனுப்பு. தியன் என்றால் தந்தி, தந்திக் காலத்தின் மிச்சம். அடுத்து, ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பல தளங்களில் எழுத்துப் பிசகாமல் வந்தால் அது பொதுப் பிரதி.

மூன்றாவது, எழுதியவர் பெயர். மக்கள் நாளேட்டில் “ஜோங் ஷெங்” என்று இருந்தால் அப்படி ஓர் ஆள் இல்லை. அது “சீனாவின் குரல்” என்பதன் ஒலியை ஏந்திய புனைபெயர், வெளிநாட்டு விவகாரத்தில் இதழின் நிலைப்பாடு. புனைபெயர்க் கருத்துரையைவிடக் கனமானது தலையங்கம். “எச்சரிக்கவில்லை என்று பிறகு சொல்லாதே” என்ற பழந்தொடரை இந்த இதழ் அரிதாகவே எடுக்கும். 1962 செப்டம்பரில் இந்தியாவை நோக்கித் தலையங்கத்தில் வந்தது, அக்டோபர் 20 அன்று போர் தொடங்கியது. 1978 டிசம்பரில் வியட்நாமை நோக்கி வந்தது, 1979 பிப்ரவரியில் போர். 2019 மே 29 அன்று அரிய மண் தனிமங்கள் பற்றி அமெரிக்காவை நோக்கி வந்தது, ஆனால் புனைபெயர்க் கருத்துரையில். தொடர் ஒன்றுதான், வந்த இடம் வேறு. அந்த வேறுபாட்டைச் செய்தியில் எழுதாவிட்டால் வாசகரைத் தவறாக அச்சுறுத்துகிறோம்.

நான்காவது, பணமும் உரிமமும். அமெரிக்காவில் 1938இன் வெளிநாட்டு முகவர் பதிவுச் சட்டப்படி சைனா டெய்லி பதிவு செய்திருக்கிறது. அதன் ஆறுமாதக் கணக்குகளை நீதித்துறைத் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 2016 நவம்பர் முதல் வாஷிங்டன் போஸ்டுக்கு 46 லட்சம் டாலருக்கு மேலும், வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்கு ஏறக்குறைய 60 லட்சம் டாலரும் போனது 2020இல் தெரியவந்தது அந்தத் தாள்களிலிருந்துதான். பிரிட்டனில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021 பிப்ரவரி 4 அன்று சிஜிடிஎன் உரிமத்தை ரத்து செய்தது, ஆனால் ஒளிபரப்பின் உள்ளடக்கம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. உரிமம் வைத்திருந்த நிறுவனத்துக்குச் செய்தி மீது கட்டுப்பாடே இல்லை, கட்டுப்பாடு கட்சியிடம் இருந்தது என்பதே காரணம். ஆகவே உரிமதாரர் பெயரைத் தேடுங்கள், பிறகு ஆசிரியர் குழுவை யார் நியமிக்கிறார் என்று தேடுங்கள்.

சமூக ஊடகத்தில் ஃபேஸ்புக், யூடியூப் போடும் அரசு ஊடகக் குறி உதவும். எக்ஸ் தளம் 2023 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டது, அங்கே குறி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எங்கே பிசகுகிறது

குளோபல் டைம்ஸ் சொன்னதை “சீனா மிரட்டல்” என்று தலைப்பிடுவது மிகப் பரவலான தவறு. அது வெளியுறவு அமைச்சகம் இல்லை. அதே நாளின் அமைச்சகச் செய்தியாளர் கூட்ட எழுத்துப்பதிவையும் பாருங்கள், வேறுபாடு இருந்தால் அதுவே செய்தி.

எதையெடுத்தாலும் ஐக்கிய முன்னணித் துறை தலையில் கட்டுவது அடுத்தது. கன்பூசியஸ் நிலையங்கள் கல்வி அமைச்சகத்தின் கிளையாக இருந்தவை. 2020 ஜூலை முதல் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இயங்குகின்றன. முன்னாள் ஐக்கிய முன்னணித் தலைவர் லியூ யான்தோங் பின்னர் துணைப் பிரதமராகி இவற்றின் மன்றத்துக்குத் தலைமை வகித்ததால் குழப்பம் பிறந்தது. வேலூர் விஐடி, இலங்கையின் களனிப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இந்த நிலையங்கள் இருந்ததால் தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். மாண்டரின் கற்றுக்கொண்ட மாணவரைச் சந்தேகப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம்.

அதைவிடப் பெரிய அநியாயம், சீன முகம் உள்ளவரையெல்லாம் முகவராக்குவது. ஐக்கிய முன்னணியின் அழுத்தத்தை முதலில் தாங்குபவர்களே புலம்பெயர்ந்த சீனர்கள்தான், ஊரில் உள்ள உறவினருக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தோடு. ஆளின் இனத்தை விட்டுவிட்டு, அவர் வகிக்கும் பதவி, பெற்ற பணம், எழுதிய கடிதம் என்ற மூன்றையும் ஆவணத்தோடு காட்ட முடிந்தால் மட்டும் பெயர் எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் தாளில் தேதி போடுங்கள். 2018க்கு முந்தைய கட்டுரைகளில் உள்ள அமைப்புப் பெயர்கள் பல இன்று இல்லை. ஐக்கிய முன்னணித் துறைக்கு 2025 ஏப்ரலில் லி கான்ஜியே தலைவரானார், அதற்கு முந்தைய வரைபடங்களில் ஷி தைஃபெங் பெயர் இருக்கும். பெரிய மறுசீரமைப்புகள் 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும், கட்சி மாநாட்டை அடுத்து வந்த தேசிய மக்கள் பேரவைக் கூட்டத்தின்போது அறிவிக்கப்பட்டன. அடுத்த மாநாடு 2027இல். 2028 மார்ச்சில் தாளை எடுத்து ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் மறுபடி சரிபாருங்கள்.